வங்கி போட்ட காப்பீடு வீட்டுக்கா, கடனுக்கா?

கேள்வி: பெங்களூர் ஹொரமாவில் முப்பதுக்கு நாற்பது மனையில் கீழ்த்தளமும் முதல் மாடியுமாக எங்கள் சொந்த வீடு. 2014-இல் வங்கிக் கடன் வாங்கிக் கட்டினோம். கணவர் காலமானபோது, கடனோடு சேர்த்து வங்கியில் போட்டிருந்த காப்பீட்டால் மீதிக் கடன் முழுவதும் அடைந்து, பத்திரங்களும் கைக்கு வந்துவிட்டன. அவர் உயில் எழுதவில்லை. கத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. கீழ்த்தளத்தில் நான் இருக்கிறேன். வாசல் அறையில் ஒரு தையல் கடை, மாத வாடகைக்கு. மாடியில் ஒரு குடும்பம், மாத வாடகை இல்லாமல் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, லீஸில் இருக்கிறது. 2025 மே மழையில் கணுக்கால் உயரத்துக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. வங்கியில் போய்க் கேட்டால், ‘உங்கள் வீட்டுக்குக் காப்பீடே கிடையாது’ என்கிறார்கள். அப்படியென்றால் இத்தனை வருடம் இருந்தது என்ன? இப்போது ஒரு முகவர் ஒன்றரைக் கோடிக்குப் பாலிசி எடுக்கச் சொல்கிறார். கோயம்புத்தூரில் இருக்கும் மகனோ, ‘கான்கிரீட் வீட்டுக்கு எதற்கம்மா காப்பீடு, வீண் செலவு’ என்கிறான். இதற்கிடையில் பக்கத்து மனையில் கட்டடம் கட்ட ஆழமாகத் தோண்டுகிறார்கள். எங்கள் காம்பவுண்ட் சுவரில் விரிசல் விட்டிருக்கிறது. அதற்கும் காப்பீட்டில் பணம் கிடைக்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஹொரமாவு

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

காப்பீட்டு நிறுவனங்களுக்காக இழப்பை மதிப்பிடும் உரிமம் பெற்ற சர்வேயர் நான். நிலம் அளக்கிறவர் அல்ல. தீயோ வெள்ளமோ வந்துபோன பிறகு வீட்டுக்கு வந்து, சேதம் எவ்வளவு, பாலிசியின்படி எவ்வளவு தர வேண்டும் என்று அறிக்கை எழுதுகிறவர். உங்கள் கடிதத்தில் இருப்பது போன்ற குழப்பத்தை ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்க்கிறேன். தண்ணீர் வடிந்த வீட்டில் நின்றுகொண்டு, ‘வங்கியில் காப்பீடு இருக்கிறது சார்’ என்று ஒரு கோப்பை எடுத்து நீட்டுவார்கள். பிரித்துப் பார்த்தால் அது வீட்டுக்கான பாலிசியாகவே இருக்காது. அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்ப்பது எனக்குக் கடினமாக இருக்கிறது. அடுத்த மழை வருவதற்கு முன்பே நீங்கள் கேட்டுவிட்டீர்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வங்கி விவகாரம். வீட்டுக் கடனோடு இரண்டு வகைக் காப்பீடுகள் ஒட்டிக்கொண்டு வரும். ஒன்று, கடன் வாங்கியவரின் உயிருக்கானது. அவர் இறந்தால் மீதிக் கடனை அந்தப் பாலிசி அடைக்கும். பெரும்பாலும் மொத்தப் பிரீமியத்தையும் ஒரே தடவையாகக் கடன் தொகையிலேயே சேர்த்துவிடுவார்கள். மாதத் தவணைக்குள் அது கரைந்துபோவதால் தனியாகத் தெரியாது. மற்றொன்று, கட்டடத்துக்கானது. தீ, வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றால் கட்டடம் சேதமானால் பணம் தருவது. உங்கள் கணவர் எடுத்தது முதல் வகை. அவர் மறைந்தபோது அது தன் கடமையைச் சரியாகச் செய்துவிட்டது. கடன் அடைந்தது, பாலிசியும் அத்துடன் முடிந்தது. ஆகவே அந்தப் பணம் வீண்போகவில்லை, அம்மா. ஆனால் கட்டடத்துக்கு அன்றும் காப்பீடு இல்லை, இன்றும் இல்லை. ‘லோனுக்கு இன்சூரன்ஸ் போட்டாயிற்று’ என்று ஒரே வரியில் சொல்லிக் கையெழுத்து வாங்கும் வழக்கம்தான் எனக்குக் கோபமூட்டுகிறது. எதற்கு இன்சூரன்ஸ் என்பதை அன்றே இரண்டு நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் நீங்கள் வேறொரு பாலிசி எடுத்திருப்பீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்கள் தங்கள் கோப்பை இன்றே எடுத்துப் பார்க்கலாம். நம் நாட்டில் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் கட்டடத்தைக் காப்பீடு செய்ய முடியாது; அதற்குப் பொதுக் காப்பீட்டு நிறுவனம் வேண்டும். பாலிசியின் தலைப்பில் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருந்தால் அது உங்கள் உயிருக்கு, வீட்டுக்கு அல்ல. பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருந்து, காப்பீடு செய்யப்பட்ட சொத்து என்ற இடத்தில் உங்கள் வீட்டு முகவரி இருந்தால்தான் அது வீட்டுக்கு. அப்படி இருந்தாலும் அதில் வங்கியின் பெயர் சேர்ந்திருந்தால், கடன் நிலுவையில் இருக்கும்வரை இழப்பீடு முதலில் வங்கிக்குப் போகும். கடன் முடிந்ததும் அந்தக் குறிப்பை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் மகன் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. கான்கிரீட்டும் செங்கல்லும் கூரை வீடு போலப் பற்றி எரியாது. ஆனால் நான் பார்க்கும் இழப்புகளில் பெரும்பகுதி தூணிலும் தளத்திலும் வருவதில்லை. கணுக்கால் அளவுத் தண்ணீர் ஒரு இரவு நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பிளைவுட் அலமாரியின் அடிப்பலகை ஊதி, ஒட்டு விட்டு, கதவு மூடாமல் நிற்கும். மரக் கதவின் அடிப்பகுதி உப்பிவிடும். தரையோடு வைத்திருக்கும் யுபிஎஸ் பேட்டரியும் குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசரும் போகும். சம்ப் மோட்டாருக்குள் சேறு ஏறும். தாழ்வாக வைத்த பிளக்குகள் வழியே சுவருக்குள் தண்ணீர் போய், மூன்று மாதம் கழித்து ஒயரிங் தொல்லை கொடுக்கும். அதற்கு மேல் சமையல் எரிவாயு விபத்து இருக்கிறது. ஒரு சிலிண்டர் வெடித்தால் கான்கிரீட் வீட்டிலும் சுவர் விலகி, தளம் விரிந்துவிடும். பெங்களூர் உயரத்தில் இருக்கிறது, இங்கே வெள்ளமா என்று கேட்டவர்கள் 2022 செப்டம்பரில் யமலூரிலும் சர்ஜாபூர் சாலையிலும் டிராக்டரில் மக்களை மீட்டதைப் பார்த்தார்கள். 2025 மே மாதம் உங்கள் ஹொரமாவு சாய் லேஅவுட் மூழ்கியதையும் பார்த்தார்கள். ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாயின் பக்கத்திலும் பழைய ஏரிப் படுகையிலும் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வரத்தான் செய்யும்.

அந்த வீடுதான் உங்கள் குடியிருப்பு, அதுதான் உங்கள் வருமானம். பெரும்பாலான வீடுகளுக்கு ஆண்டுப் பிரீமியம் சில ஆயிரம் ரூபாயில் அடங்கிவிடும். எடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் நிலைமை கட்டாயப்படுத்துகிறது.

எதை எடுப்பது? 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிரிஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியை, இந்தத் தொழிலில் உள்ள எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஏற்பாடு செய்தது. வாசகங்கள் எல்லா நிறுவனத்திலும் ஒன்றே. பிரீமியமும் சேவையும்தான் வேறுபடும். தீ, வெடிப்பு, இடி மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், தண்ணீர் தேங்கி உள்ளே புகுதல், நிலச்சரிவு, மரம் விழுதல், வாகனம் மோதுதல், கலவரம், பயங்கரவாதம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்தல் அல்லது வழிதல் ஆகியவை இதில் அடங்கும். ஆக, மே மாதம் உங்களுக்கு வந்ததைப் போன்ற வெள்ளத்துக்கு இந்தப் பாலிசி பணம் தரும்.

ஆனால் கசிவுக்கும் ஓதத்துக்கும் தராது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மறுக்கப்படும் கோரிக்கைகளில் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான். மொட்டைமாடித் தளத்தில் விரிசல் விட்டு, மழைதோறும் தண்ணீர் இறங்கி, சுவர் பூச்சு உதிர்ந்தால் அது பராமரிப்புக் குறை. மழை பெய்த நாளில் வெளியே தெரிந்தாலும் அது வெள்ளம் அல்ல. தெருவிலிருந்து உள்ளே வந்த தண்ணீரா, தளத்திலிருந்து இறங்கிய தண்ணீரா என்பதைச் சுவரைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும். வெள்ளம் எல்லா அறையிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டுவிட்டுப் போகும். கசிவு மேலிருந்து திட்டுத் திட்டாக இறங்கும்.

சாதாரணத் திருட்டும் இதில் இல்லை. வெள்ளமோ தீயோ வந்து, அதன் காரணமாக ஏழு நாட்களுக்குள் நடந்த திருட்டு மட்டுமே அடங்கும். நீங்கள் மகன் வீட்டுக்குப் போயிருக்கும்போது யாராவது பூட்டை உடைத்தால் இந்தப் பாலிசி உதவாது. அதற்குக் களவுக் காப்பீட்டைச் சேர்த்து வாங்க வேண்டும். வீடு பல நாள் பூட்டிக் கிடந்தால் என்ன நிபந்தனை என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். ரொக்கப் பணத்துக்குக் காப்பீடு கிடையாது. நகைக்கு வேண்டுமென்றால் மதிப்பைக் குறிப்பிட்டுத் தனியாகச் சேர்க்க வேண்டும். மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் டிவி எரிந்துபோனால் அந்த டிவிக்குப் பணம் வராது. ஆனால் அதிலிருந்து தீ பரவி அறை எரிந்தால் மற்ற சேதத்துக்கு வரும்.

இப்போது அந்த ஒன்றரைக் கோடி. முகவர் உங்கள் சொத்தின் சந்தை விலையைச் சொல்லியிருக்கிறார். அதில் பெரும்பகுதி மனையின் விலை. மனை எரியாது, அடித்துக்கொண்டு போகாது. அதற்குக் காப்பீடும் கிடையாது. காப்பீட்டுத் தொகை என்பது இன்று அதே வீட்டை மறுபடியும் கட்ட ஆகும் செலவு, அவ்வளவுதான். ஒன்றரைக் கோடிக்குப் பிரீமியம் கட்டினாலும், வீடே இடிந்துபோனாலும், கட்டும் செலவுக்கு மேல் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மிச்சத்துக்குக் கட்டிய பிரீமியம் போனது போனதுதான்.

பாலிசியில் கணக்குப் போடும் முறை இது: வீட்டின் கார்பெட் ஏரியாவை, பாலிசி தொடங்கும் நாளில் இருக்கும் கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். கார்பெட் ஏரியா என்றால் வெளிச்சுவரை விட்டுவிட்டு உள்ளே புழங்கும் தரைப்பரப்பு. உள்சுவர்கள் அதில் சேரும், பால்கனி சேராது. இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மேஸ்திரியோ பொறியாளரோ சொல்லும் சதுர அடி விலை வெளிச்சுவர் உட்பட மொத்தக் கட்டுமானப் பரப்புக்கானது. அந்த விலையை எடுத்துச் சிறிய பரப்பான கார்பெட் ஏரியாவோடு பெருக்கினால் தொகை குறைந்துவிடும்.

உங்கள் அளவு எனக்குத் தெரியாததால் ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். இரண்டு தளமும் சேர்த்து மொத்தக் கட்டுமானப் பரப்பு 1,850 சதுர அடி, கார்பெட் ஏரியா 1,600 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பொறியாளர் சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்கிறார். மறுபடி கட்ட ஆகும் உண்மையான செலவு 42 லட்சத்து 55 ஆயிரம். கார்பெட் ஏரியாவை மட்டும் அதே விலையால் பெருக்கினால் 36 லட்சத்து 80 ஆயிரம்தான் வரும். கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் லட்சம் குறைந்துவிட்டது. ஆகவே முதலில் மொத்தச் செலவைக் கண்டுபிடித்து, அதைக் கார்பெட் ஏரியாவால் வகுத்து, அந்த விலையைப் படிவத்தில் எழுதுங்கள். பிறகு காம்பவுண்ட் சுவர், கேட், சம்ப், மேல்நிலைத் தொட்டி, மாடியில் சூரிய ஒளி வெந்நீர்க் கருவி இருந்தால் அது ஆகியவற்றுக்கான செலவையும் கூட்டுங்கள். எல்லாம் சேர்த்து 45 லட்சம் என்று வந்தால், அதுவே உங்கள் தொகை. முகவர் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுப் பொருட்களுக்கும் தானாகவே காப்பீடு வந்துவிடும். கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். 45 லட்சத்துக்கு 9 லட்சம். பட்டியல் எதுவும் தர வேண்டியதில்லை. உங்கள் ஒருவரின் பொருட்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன். பல ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுத்தால் கட்டடத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் தானே உயரும். சிமெண்டு, கம்பி, கூலி ஏறுவதற்கு அது ஈடுகொடுக்கும்.

இந்தப் பாலிசியில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் அம்சத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய தீ பாலிசிகளில் ‘சராசரி விதி’ என்று ஒன்று உண்டு. 40 லட்சம் மதிப்புள்ள கட்டடத்தை 20 லட்சத்துக்குக் காப்பீடு செய்துவிட்டு, 6 லட்சத்துக்குச் சேதம் வந்தால், பாதி மதிப்புக்குத்தானே எடுத்தீர்கள் என்று 3 லட்சம்தான் தருவார்கள். அதைக் கேட்டு அதிர்ந்துபோன குடும்பங்கள் பல. பாரத் கிரிஹ ரக்ஷாவில் அந்த விதி இல்லை. 6 லட்சமும் கிடைக்கும். அதற்காகத் தொகையைக் குறைத்து எழுதிவிடாதீர்கள். வீடே போனால் 20 லட்சத்தில் யாரும் வீடு கட்டித் தர மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது மழையல்ல, அந்தத் தையல் கடை. இது குடியிருப்புக்கான பாலிசி. குடும்பத்துக்கு வாடகைக்கோ லீஸுக்கோ விட்டிருப்பதில் தடையில்லை. மாடி அப்படியே அடங்கும். வாசல் அறை கடையாக இருப்பது வேறு விஷயம். ‘ஒரு சின்ன அறைதானே, எழுத வேண்டாம்’ என்று முகவர் சொல்லக்கூடும். கேட்காதீர்கள். அயர்ன் பெட்டியிலிருந்து துணியில் தீப்பிடித்து வீட்டுக்குப் பரவினால், நான் வந்து முதலில் எழுத வேண்டியது தீ எங்கே தொடங்கியது என்பதைத்தான். படிவத்தில் முழுவதும் குடியிருப்பு என்று இருந்து, அறிக்கையில் தையல் கடை என்று வந்தால், அதுவரை நீங்கள் கட்டிய பிரீமியம் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். படிவத்திலேயே கடை இருப்பதை எழுதுங்கள். அந்த அறையை எப்படிச் சேர்க்கப்போகிறீர்கள் என்று நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள். சிறு தொழில் இடங்களுக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்று இதேபோல் தனிப் பாலிசி இருக்கிறது. அந்த அறைக்கு அதைக் காட்டலாம். கடைக்காரரின் இயந்திரங்களும் வாடிக்கையாளர் துணிகளும் உங்கள் பாலிசியில் வராது. அவற்றுக்கு அவர்தான் எடுக்க வேண்டும், அவரிடம் சொல்லிவிடுங்கள். மாடிக் குடும்பத்தின் பொருட்களும் அப்படியே.

மே மாத வெள்ளத்தையும் எழுதுங்கள். மறைத்தால் நல்லது என்று தோன்றும். தெருவே மூழ்கிய செய்தி ஊரறிந்தது. சொன்னால் பிரீமியம் கூடலாம், இழப்பின் ஒரு பகுதியை நீங்களே ஏற்க வேண்டும் என்று நிபந்தனை வரலாம். அது அப்போதே கண்ணுக்குத் தெரிகிற செலவு. மறைத்துவிட்டால் வருகிற தொல்லை, வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும் நாளில் வரும்.

லீஸ் பற்றி ஒரு வார்த்தை. வீடு குடியிருக்க முடியாமல் போனால் இழந்த வாடகைக்கும், நீங்கள் வேறிடத்தில் தங்குவதற்கான வாடகைக்கும் இந்தப் பாலிசியில் வழி இருக்கிறது. ஆனால் லீஸில் மாத வாடகை என்று ஒன்று இல்லை. மாடிக் குடும்பம் காலி செய்துகொண்டு, கொடுத்த பெருந்தொகையைத் திருப்பிக் கேட்டால் அதைக் காப்பீடு தராது. பெங்களூரில் லீஸுக்கு விட்டிருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும். அந்தத் தொகையை முழுவதும் செலவழித்துவிடாமல், அவசரத்துக்கு எடுக்கக்கூடிய வகையில் ஒரு பகுதியையாவது வைத்திருங்கள்.

யார் பெயரில் எடுப்பது? சொத்தில் உரிமை உள்ளவர் பெயரில்தான் எடுக்க முடியும். உயில் இல்லாத நிலையில், இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துமானால், நீங்களும் பிள்ளைகள் எல்லோரும் சம பங்குதாரர்கள். உங்கள் மாமியார் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. வாரிசுச் சான்றை வாங்கிக் கத்தா மாற்றத்துக்கு மாநகராட்சியில் விண்ணப்பித்துவிடுங்கள். அதுவரை காப்பீட்டைத் தள்ளிப்போட வேண்டாம். வாரிசுகள் எல்லோருடைய பெயரையும் சேர்த்து, கத்தா இன்னும் கணவர் பெயரில் இருக்கிறது என்பதையும் குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள். காலமானவர் பெயரிலேயே பாலிசி போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேறு முகவரைப் பாருங்கள்.

அடுத்த மழைக்கு முன் செய்யக்கூடியவை சில உண்டு. யுபிஎஸ்ஸை இரண்டடி உயரப் பலகையில் ஏற்றுங்கள். கீழ்த்தளப் பிளக்குகளை உயர்த்துங்கள். தெருச் சாக்கடை நிரம்பும்போது கழிவறை வழியே தண்ணீர் மேலேறி வருகிறதென்றால், வெளியே போகும் குழாயில், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போடச் சொல்லுங்கள். பத்திர நகல்களும் பாலிசியும் மாடியிலோ மகனிடமோ இருக்கட்டும். காய்ந்த நாளில் ஒவ்வோர் அறையையும் அலமாரிகளைத் திறந்துவைத்துக் கைபேசியில் ஒரு வீடியோ எடுத்து மகனுக்கு அனுப்பிவிடுங்கள். ரசீது இல்லாத பொருளுக்கு அந்த வீடியோதான் உங்கள் சாட்சி.

மறுபடியும் தண்ணீர் வந்துவிட்டால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பாதுகாப்பாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, அன்றே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். கோரிக்கைப் படிவத்தைச் சேதம் தெரியவந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். தண்ணீர் நிற்கும்போதே தெருவையும் கேட்டையும் சேர்த்துப் படம் எடுங்கள். வடிந்த பிறகு சுவரில் நிற்கும் கோட்டுக்குப் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்து, தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று தெரியும்படி ஒரு படம். சேற்றைக் கழுவலாம், வீட்டை உலர்த்தலாம். அதற்காக யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் கெட்டுப்போன பொருட்களைப் பழைய பொருள் வாங்குபவரிடம் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். சர்வேயர் பார்க்கும்வரை ஓர் ஓரத்தில் இருக்கட்டும். நாற்றம் தாங்காமல் எறிய வேண்டிய மெத்தை, தலையணை போன்றவற்றைப் படம் எடுத்துவிட்டு, நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதிவிட்டு எறியுங்கள். சர்வேயரின் கட்டணத்தை நிறுவனம் தருகிறது. உங்களிடம் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள்.

கோரிக்கையை மறுத்தாலோ குறைத்தாலோ காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவரிடம், போகலாம். கர்நாடகத்துக்கான அலுவலகம் ஜே.பி. நகரில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்கிறார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம்.

கடைசியாகக் காம்பவுண்ட் சுவர். இதற்கு நல்ல செய்தி சொல்ல முடியவில்லை. நிலம் இறங்குவதால் வரும் சேதம் பாலிசியில் இருந்தாலும், கட்டுமான வேலையாலும் பள்ளம் தோண்டுவதாலும் வருவதை வெளிப்படையாக விலக்கியிருக்கிறார்கள். மேலும், பாலிசி எடுக்கும் முன்பே விட்ட விரிசலுக்கு எந்தப் பாலிசியும் பணம் தராது. இந்த இழப்புக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் பக்கத்து மனைக்காரரும் அவருடைய ஒப்பந்தக்காரரும்தான். கட்டுமான ஒப்பந்தக்காரர்கள் எடுக்கும் காப்பீட்டில் அக்கம்பக்கத்தாருக்கு நேரும் சேதத்துக்கும் ஈடு தரும் பகுதி இருப்பதுண்டு. அப்படி எடுத்திருக்கிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள்.

இதில் தாமதம் வேண்டாம், அம்மா. பள்ளம் ஆழமாக ஆக ஆபத்து சுவரோடு நிற்காது. ஒரு கட்டமைப்புப் பொறியாளரை இந்த வாரமே அழைத்து வந்து காட்டுங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்கே கோடு கிழித்து, பக்கத்தில் தேதியை எழுதிவையுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால் மறுபடி கோடு, மறுபடி தேதி, மறுபடி படம். வீட்டின் மற்ற சுவர்களையும், குறிப்பாகப் பள்ளத்தின் பக்கம் இருப்பவற்றை, விரிசல் இல்லாத நிலையிலேயே படம் எடுத்துவிடுங்கள். தோண்டிய பக்கத்தில் மண் சரியாமல் தாங்குசுவர் போடச் சொல்லி மனைக்காரருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். நகலை மாநகராட்சிப் பொறியாளருக்கும் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் அசையாவிட்டால் வேலையை நிறுத்திவைக்கச் சிவில் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்கலாம். பொறியாளரின் அறிக்கையும் தேதியிட்ட படங்களும் அங்கே பேசும். வீட்டுக் காப்பீட்டுக்கான படிவத்தை நிரப்பும்போது, இந்த விரிசல் ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் பக்கத்தில் வேலை நடக்கிறது என்பதையும் அதில் எழுதி, கடிதத்தின் நகலையும் இணைத்துவிடுங்கள்.